தறிக்குடோனுக்குள் கேள்வித்தாளோடு போகும் முன்

வணக்கம் நேயர்களே. பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் தறிக்குடோனுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் காதில் விழாது. நூல் அறுந்தால் ஒரு சைகை, தார், அதாவது நூல் சுற்றிய குச்சி, வேண்டுமென்றால் ஒரு சைகை, மீதியை உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்கிறார்கள். சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம். வருஷக்கணக்கில் அதில் நிற்கிறவரின் காது என்னவாகிறது என்று யாராவது ஆராயக் கிளம்பினால் நல்லதுதான், ஆனால் எப்படிக் கிளம்புகிறோம் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

கேள்வித்தாள் ஊருக்கு வரும் முன்பே தயாராகிவிடுகிறது. ஓனரிடம் அனுமதி வாங்கி, குடோன் ஓரத்திலேயே நாற்காலி போட்டு, காது சரியாகக் கேட்கிறதா என்று விசாரிப்பார்கள். தறி ஓட்டுகிறவர் பலபேர் ஓனரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழிகிற வரை வேறு இடம் போக முடியாது. அந்த ஓனர் பத்தடி தள்ளி நிற்கும்போது, “ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க” என்பதைத் தவிர என்ன சொல்வார்கள்? அந்தப் பதிலும் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம் பரிசோதனை. ஷிப்ட் முடிந்து வந்தால் காது கொஞ்ச நேரம் அடைத்த மாதிரி இருக்கும், பிறகு தெளியும். இது எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி, முதல் காதுப் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் வேலையிடச் சத்தம் படக்கூடாது என்கிறது. 12 மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறவருக்கு வேலை நாளில் 14 மணி நேரம் எங்கிருந்து வரும்? வார லீவில்தான் பார்க்க முடியும். தொழிலாளிகள் ரெண்டு பேரைத் திட்டம் போடும்போதே உட்கார வைத்திருந்தால், எங்கே பேசலாம், எந்த நாளில் சோதிக்கலாம் என்பதை டீ குடித்து முடிக்கும் முன் சொல்லியிருப்பார்கள்.

கேட்காமல் செய்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் கதை இருக்கிறது. 1990-ல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்காக என்று நம்பித்தான் கொடுத்தார்கள், ஆனால் அதே ரத்தம் மனநோய், பூர்வீகம் என்று வேறு ஆய்வுகளுக்கும் போனது. வழக்காகி, 2010-ல் அவர்களுக்கு 7 லட்சம் டாலர் கிடைத்தது, மீதியிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறையும், ஆய்வின் பலன் பங்கெடுத்த மக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றே சொல்கிறது. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது!

பணம் எங்கே என்பார்கள். வண்டி வாடகைக்கும் கருவிக்கும் பட்ஜெட் போடுகிறோம் அல்லவா, லீவு நாளை விட்டுக்கொடுத்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலியையும், முடிவை அவர்களிடம் முதலில் படித்துக் காட்டும் கூட்டச் செலவையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள். அந்தக் கூட்டத்தை மட்டும் குடோனில் வைக்காதீர்கள்.