40 கையெழுத்து, 9 கட்டம், ஒரு மட்டக்குதிரை

வணக்கம். தகரக் கூரையில் மழை கொட்டுகிறது, அந்தச் சத்தத்தோடுதான் கேட்டாக வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் இருட்டு. திறந்தால் மூடுபனி உள்ளே வந்து லென்ஸில் உட்கார்ந்துகொள்கிறது. 'மே மாதத்தில் எதற்குக் கம்பளி' என்று போன வீடியோவில் கேட்டவர்கள் ஒருமுறை கொடைக்கானல் மலைமேல் இருக்கும் எங்கள் பூம்பாறைக்கு வந்து இந்தத் திண்ணையில் அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு பேசலாம்.

இன்றைக்குப் பூண்டுத் தொக்கு செய்வதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். எனக்கு ஒரு கோபம் வந்து, அது தீர்ந்து, தீர்ந்த இடத்தில் ஒரு சந்தோஷமும் வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் அடுப்பைப் பற்றவைத்தால் தொக்கு நிச்சயம் தீய்ந்துவிடும்.

மதுரையிலிருந்து அக்கா வந்திருக்கிறார், மகளோடு. மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வண்டிக்கு இ-பாஸ் எடுத்து, மலையேறி, வாந்தி எடுத்து, வந்து சேர்ந்ததும் அவள் பையிலிருந்து ஒரு தாள் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுத்த விடுமுறைச் சவால்: 40 நாள், 40 புத்தகம். தேதி, புத்தகத்தின் பெயர், பக்கங்கள், பெற்றோர் கையெழுத்து என்று நான்கு பத்தி. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெறுமை. இந்த மறுபக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

விடுமுறை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தாளில் 40 கையெழுத்தும் இருந்தன! வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோது அக்கா ஒரே மூச்சில் போட்டுவிட்டாராம். 23ஆவது வரியில் நீலப் பேனா மக்கர் செய்திருக்கிறது. 24 முதல் எல்லாம் பச்சை. புத்தகத்தின் பெயர்களை வீட்டு அலமாரியைப் பார்த்து எழுதியிருக்கிறாள். இரண்டு பாடப் புத்தகம், ஒரு பஞ்சாங்கம், பிரஷர் குக்கரோடு வந்த கையேடு.

"இதில் எதைப் படித்தாய்?" என்று கேட்டேன்.

"குக்கர் புத்தகம் படித்தேன் சித்தி. கேஸ்கெட்டை எண்ணெய் தடவிக் கழுவக் கூடாது."

போய் எடுத்துப் பார்த்தேன். என் வீட்டுக் குக்கரின் கையேட்டிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. நான்தான் இத்தனை வருடமாக எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலைக்குப் போகிறவர், 40 இரவு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாரா? எனக்கு எரிச்சல் அந்தத் தாளின் மேல்தான். அதில் பிள்ளைக்கென்று ஓர் இடம் இல்லை. நான்கு பத்தியில் மூன்று கணக்கு, ஒன்று சாட்சி. கதையில் என்ன நடந்தது என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறதா? போதாக்குறைக்கு, முடித்தால் சான்றிதழ், கோப்பை, மினுமினுப்புத் தூள் தூவிய நட்சத்திரம். மினுமினுப்புத் தூளைப் பற்றி என் கருத்து உங்களுக்குத் தெரியும். இரண்டு தீபாவளி ஆகியும் என் போர்வையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நானே ஒரு சவால் போடுவது என்று முடிவு செய்தேன். மாலையில் என் திண்ணைக்கு எட்டுப் பிள்ளைகள் வருவார்கள், கேரட் கழுவிய வீடியோவில் பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான். அக்கா மகளோடு ஒன்பது. எல்லோரும் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் அவர்களுக்குப் பழக்கம். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். யார் வைத்த பெயரோ, கை கொடுக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் 'நுழை'யில் இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. வாசலில் நிற்கிறான், அவ்வளவுதான்.

ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வேலை. குறுக்கிலோ நெடுக்கிலோ மூலையிலோ மூன்று சேர்ந்தால் ஒரு கோடு. கோடு போட்டவர், மறுநாள் நான் எந்தக் கதையை எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்று சொல்லலாம். அதுதான் பரிசு.

இனி ஜெராக்ஸ் கதை. இதைச் சொல்லியே தீருவேன். ஒன்பது பிள்ளைக்கு ஒன்பது, கிழித்துவிட்டால் மாற்று மூன்று, ஆக 12 பிரதி. அதற்காகக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன். சீசன் நேரம், ஏரிப் பக்கம் வண்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. இறங்கி நடந்தேன். கடையில் ஒரு பிரதி 5 ரூபாய் என்றார். அட்டையில் 2 ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. அந்த 2-இன் மேலே ஸ்கெட்ச் பேனாவால் 5 என்று கொழுக்க எழுதியிருக்கிறது. அடியில் பழைய 2-இன் வால் எட்டிப் பார்க்கிறது! 24 ரூபாய் ஆக வேண்டியது 60 ரூபாய். "சீசன் விலைங்க" என்றார். பேப்பருக்கு ஏது சீசன்? பேப்பர் என்ன பிளம்ஸ் பழமா? 36 ரூபாய் பெரிய தொகை இல்லை, எனக்கும் தெரியும். வரும் வழியில் 40 ரூபாய்க்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன், அது வேறு கணக்கு. அந்த வால்தான் என்னை எரித்தது. வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

வந்து, "ஜெராக்ஸ் இல்லை, நீங்களே கட்டம் போடுங்கள்" என்றேன். ஸ்கேல் இரண்டுதான் இருந்தது, அதற்கு ஒரு சண்டை. ஒருத்தி தீப்பெட்டியை வைத்துக் கோடு இழுத்தாள். கட்டம் எல்லாம் கோணல். ஆனால் தன் கையால் போட்ட கட்டம் என்பதால் ஒருவரும் தாளைத் தொலைக்கவில்லை. எட்டுக் கட்டத்தை நான் சொல்லி, ஒன்பதாவதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டேன். ஒருவன் 'அடி வாங்கும்போது படிப்பது' என்று எழுதினான். அதை மட்டும் மாற்றச் சொன்னேன்.

எல்லாக் கட்டத்தையும் சொல்ல மாட்டேன். போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பது, கடைசிப் பக்கத்தை மறைத்துவிட்டு முடிவைத் தானே சொல்வது, பஸ் பெயர்ப்பலகை ஒன்றிலிருந்து பத்துச் சொல் எடுப்பது எல்லாம் எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை. இரண்டு கட்டங்கள் மட்டும் நான் நினைக்காத இடத்துக்குப் போயின.

ஒன்று, படிக்கத் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுவது. ஒரு நிபந்தனை: கேட்டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதைத் திண்ணைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி தன் அப்பத்தாவிடம் போனாள். அவர் பூண்டைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் மலைப்பூண்டுதான்; கட்டுக் கட்டாகப் புகையில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. பேத்தி படித்தது ஒரு யானை கடைக்குப் போய்க் குடை வாங்கும் கதை. கதை முழுவதும் தலை நிமிராமல் கேட்டுவிட்டு அப்பத்தா கேட்டது: "யானைக்குக் காசு யார் கொடுத்தது?"

அன்று மாலை முழுக்க அதுதான் பேச்சு. கோயிலில் ஆசீர்வாதம் செய்து வாங்கிய காசு என்றான் ஒருவன். கடன் என்றாள் ஒருத்தி. ஐந்தாம் வகுப்புப் பெண், "பூண்டு மூட்டை சுமந்த கூலி. ஆனால் நனைந்துகொண்டே சுமந்ததால்தான் குடை தேவைப்பட்டது" என்றாள். யானையின் கூலிக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டைக்கு இவ்வளவு, வாழைத்தாருக்குப் பிடித்தம் இவ்வளவு. அப்பத்தாவிடம் திரும்பப் போய்ப் படித்துக் காட்ட, "பிடித்தம் அதிகம்" என்று சொல்லிவிட்டாராம்.

இன்னொன்று, மிருகத்துக்குப் படிப்பது. இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி நகரத்தில் 1999இல் பிள்ளைகள் நாய்களுக்குப் படித்துக் காட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். தடுக்கித் தடுக்கிப் படித்தாலும் நாய் திருத்தாது, சிரிக்காது, கடிகாரத்தைப் பார்க்காது. நம் திண்ணையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், மற்றவர்கள் முன்னால் வாயே திறக்க மாட்டான். அவன் வீட்டில் மட்டக்குதிரை உண்டு. வண்டி போகாத காட்டிலிருந்து மூட்டை இறக்கும் குதிரை. முதல் நாள் இவன் படிக்கத் தொடங்கியதும் அது பாட்டுக்குப் போய்விட்டது. இரண்டாம் நாள், மூக்கில் கொள்ளுப் பை கட்டும் நேரமாகப் பார்த்துப் புத்தகத்தை எடுத்திருக்கிறான். கொள்ளு தீரும் வரை குதிரை எங்கே போகும்? 'மூன்று வேளைக் கொள்ளுக்கு ஒரு புத்தகம்' என்று கட்டத்தில் எழுதியிருந்தான். போன திங்கட்கிழமை அதை அடித்துவிட்டு 'ஒரு வேளைக் கொள்ளுக்கு ஒரு புத்தகம்' என்று திருத்தினான். குதிரை மெதுவாகத் தின்ன ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டேன். முறைத்தான்.

சொல்ல மறந்துவிட்டேன், நடுவில் ஒரு நாள் வட்டச் சவால் வைத்தோம். அமெரிக்க உளவியலாளர் பால் டோரன்ஸ் 1966இல் கொண்டுவந்த படைப்பாற்றல் தேர்வுகளில் வெறும் வட்டங்களைக் கொடுத்துப் படமாக்கச் சொல்லும் பகுதி ஒன்று வரும். எத்தனை வரைந்தார்கள் என்பதோடு, எத்தனை விதம், எவ்வளவு புதுமை என்றும் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து 20 வட்டம் போட்டோம். முகம், சூரியன், போண்டா, லாரி டயர் எல்லாம் வந்தன. ஒருத்தி 20 வட்டத்தையும் சேர்த்து ஒரே ஒரு பூண்டுக் கட்டாக்கிவிட்டாள். எண்ணிக்கை பார்த்தால் ஒன்று. எனக்கு அந்த ஒன்றுதான் பிடித்தது.

கதைப் பகடையும் செய்தோம். கேரட்டில் வெட்டிப் பார்த்தேன், மை நிற்கவில்லை, பொரியலாகிவிட்டது. தச்சர் தந்த மரத்துண்டில் மூன்று பகடை. ஒன்றில் ஆள், ஒன்றில் இடம், ஒன்றில் சங்கடம். ஆறு, ஆறு, ஆறு, பெருக்கினால் 216 கதைக்கு வழி. இதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இப்போது கேமராவைக் கீழே இறக்குகிறேன், என் கையைப் பாருங்கள். ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டாம். ஏ4 தாளைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக மடியுங்கள். நகத்தால் அழுத்தித் தேயுங்கள். பிரித்தால் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. இப்போது குட்டை ஓரம் இரண்டும் ஒட்டும்படி ஒரே ஒரு மடிப்பு. ஒரு பக்கம் மூடியிருக்கிறது, எதிர்ப்பக்கம் திறந்திருக்கிறது. கத்தரிக்கோலை மூடிய பக்கத்தில் வையுங்கள். மூடிய பக்கம்! நான் திறந்த பக்கத்தில் வெட்டி 11 தாளை வீணாக்கியிருக்கிறேன். ஜெராக்ஸில் மிச்சம் பிடித்த 36 ரூபாய் அதிலேயே போயிருக்கும். மூடிய பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேலேயே, குறுக்கு மடிப்பு வரும் வரை வெட்டி, நிறுத்துங்கள். தாளைப் பிரித்தால் நடுவில் ஒரு வாய். நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் பிடித்து உள்ளே தள்ளுங்கள். வாய் திறந்து, கூட்டல் குறி மாதிரி நிற்கும். அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்தால் புத்தகம்.

படம் வரைவதற்கு முன்னால் மடித்து, பென்சிலால் பக்க எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள். நான்கு பக்கம் தலைகீழாக இருக்கும், பயப்பட வேண்டாம். எங்கள் முதல் புத்தகத்தில் யானை பாதிக் கதையைத் தலையால் நடந்தது.

இப்போது கடைசி வேலை. 2018இல் குறிஞ்சி பூத்தது, அடுத்து 2030இல் பூக்கும். அப்போது பிரித்துப் படிக்க, தனக்குத் தானே ஒரு சிறு புத்தகம் எழுதி டப்பாவில் போட வேண்டும். எல்லோரும் எழுதினார்கள். குதிரைக்காரன் ஒட்டியே கொடுத்துவிட்டான், பார்க்க விடவில்லை. அக்கா மகள் உட்காரும்போது தாள் தீர்ந்துவிட்டது, 11 தாள் எங்கே போயிற்று என்றுதான் உங்களுக்குத் தெரியுமே. நான் உள்ளே போய்த் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், அவள் பையிலிருந்து அந்த 40 கையெழுத்துத் தாளை எடுத்து, வெறும் பக்கம் வெளியே வரும்படி மூன்று முறை மடித்து, கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். மூடிய பக்கத்தில். முதல் முறையிலேயே சரியாக.

"ஐயோ, அது பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டியது!" என்று அக்கா உள்ளேயிருந்து ஓடி வந்தார். அதற்குள் வெட்டி முடித்தாயிற்று. கையெழுத்து எல்லாம் நீலமும் பச்சையுமாக மடிப்புக்குள்ளே போய்விட்டன. வெளியே எட்டுப் பக்கம். அட்டையில் 'கேஸ்கெட் தொலைந்த நாள்' என்று எழுதிவிட்டு, தலை நிமிராமல் என்னிடம் கேட்டாள்: "சித்தி, 2030இல் உங்கள் குக்கர் இருக்குமா?"