இரண்டாவது குலுக்கை

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் வேளாண் கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்னால் நம் அண்ணாச்சிமாரும் மதினிமாரும் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். பருவநிலை மாறிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில் சிறு விவசாயிக்கு எப்படிக் கைகொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். நான் அதை எங்கள் வீட்டுக் குலுக்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குலுக்கை என்றால் என்னவென்று பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்ணும் வைக்கோலும் சேர்த்துக் குழைத்து, வளையம் வளையமாக ஏற்றி, ஆள் உயரத்துக்குச் செய்து வைத்திருப்பார்கள். தானியம் போட்டு வைக்கிற இடம் அது. மேலே மூடி, கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய். அந்த வாயைத் துணியால் அடைத்து மேலே மண் பூசிவிடுவார்கள். எங்கள் வீட்டில் விதைக்கென்று மட்டும் இரண்டு சின்னக் குலுக்கைகள் இருந்தன. இரண்டும் எங்கள் அத்தை பொறுப்பு. புரட்டாசியில் காடு விதைக்கும்போது ஒன்றைத் திறப்பாள். மற்றொன்றின் மண்பூச்சைக் கார்த்திகை பாதி கழிகிறவரை யாரும் தொடக்கூடாது. வீட்டில் கஞ்சிக்கு இல்லாத நாளில்கூட அது திறக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஏன் அப்படி? எங்களுடையது கரிசல். கிணறு கிடையாது, கால்வாய் கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிடுவோம். நல்ல மழை விழுந்தால் எல்லாம் ஒன்றாக முளைக்கும். ஆனால் சில வருஷம் ஒரு உழவு மழை மட்டும் பெய்துவிட்டு வானம் வெளுத்துப் போகும். விதை முளைத்து இரண்டு இலை விட்டிருக்கும். இருபது நாள், இருபத்தைந்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரிசல் வெடிக்க ஆரம்பிக்கும். அந்த வெடிப்பில் உளுந்துச் செடியின் வேர் அறுந்து தொங்குவதை நான் குனிந்து பார்த்திருக்கிறேன், நூல் மாதிரி. அத்தை காட்டைச் சுற்றி வந்து, நாலு இடத்தில் விரலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பாள். பிறகு வீட்டுக்கு வந்து இரண்டாவது குலுக்கையின் மண்பூச்சைத் தட்டி உடைப்பாள். மழையை அவள் திட்டி நான் கேட்டதில்லை. மழை ஒருமுறை ஏமாற்றும் என்பது அவள் கணக்கிலேயே இருந்தது.

இன்றைக்கு அந்த ஏமாற்று அடிக்கடி நடக்கிறது, பெரிதாகவும் நடக்கிறது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. 2015-இல்தான் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவில் முப்பது வருஷத் தென்னைகளை ஒரே ராத்திரியில் சாய்த்தது. 2023 டிசம்பரில் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். நடு இந்தியாவில் பரவலாகக் கொட்டித் தீர்க்கும் பெருமழைகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்கு ஆகியிருக்கின்றன என்று ஆய்வு சொல்கிறது. வடக்கே 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் கோதுமை பால் பிடிக்கிற நேரத்திலேயே சுருங்கிப்போய், மே மாதம் ஏற்றுமதியையே நிறுத்த வேண்டி வந்தது.

இதையெல்லாம் தாங்க வேண்டியது யார்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் 86 சதவீத நிலவுடைமைகள் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. ஐம்பது ஏக்கர்காரருக்கு ஒரு விதைப்பு போனால் அது நஷ்டம். இரண்டு ஏக்கர்காரருக்கு அது அந்த வருஷமே போன மாதிரி.

மழை மாறியது ஒரு பக்கம். அதே காலத்தில் அந்த இரண்டாவது குலுக்கையும் வீட்டைவிட்டுப் போய்விட்டது. கம்பும் சோளமும் குதிரைவாலியும் இருந்த காட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் வந்தது. யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கோழிப் பண்ணைகள் வாங்கின, கையில் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஒட்டு ரக விதையை எடுத்து வைத்து மறுவருஷம் விதைத்தால் அதே விளைச்சல் வராது, ஒவ்வொரு பட்டத்துக்கும், அதாவது ஒவ்வொரு விதைப்புப் பருவத்துக்கும், கடையில் வாங்க வேண்டும். விதை வீட்டில் இல்லையென்றால் குலுக்கை எதற்கு? 2018-இல் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தைத் தின்றபோது பாதிக் காட்டை அழித்துவிட்டு வேறு ஏதாவது விதைக்கலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. எதை விதைப்பது? வீட்டில் ஒரு படி விதை இல்லை.

நான் வேளாண் துறையில் களப்பணியில் இருந்தவன். ஒரு வருஷம் ஐப்பசிக் கடைசி. முதல் மழையில் முளைத்த உளுந்து மொத்தமும் கருகி, அதற்குப் பிறகு நல்ல மழை விழுந்திருக்கிறது. ஒரு அம்மா எங்கள் விதை டிப்போவுக்கு வந்தார். முந்தானை முடிச்சில் பணம். "சார், மல்லி விதை இருக்கா? கொண்டைக்கடலை இருந்தாலும் சரி" என்றார். அவர் கேட்டது மிகச் சரியானது. பட்டம் பிந்தினால் கரிசலில் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் பனியிலேயே தேறிவிடும். என் மேஜையில் மாவட்ட மாற்றுப் பயிர்த் திட்டம் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாகத் தயாரிக்க வைத்த திட்டம். மழை இரண்டு வாரம் பிந்தினால் என்ன செய்வது, நாலு வாரம் பிந்தினால் என்ன செய்வது என்று வரிவரியாக எழுதியிருக்கும். அந்த அம்மா படிக்காமலே சொன்னதைத்தான் அந்தத் திட்டமும் சொன்னது. விதைதான் இல்லை. மேலே எழுதிக் கேட்டோம். மூட்டைகள் வந்து இறங்கியபோது மூன்று வாரம் ஓடிவிட்டது. மண்ணில் ஈரம் இல்லை. மூட்டைகள் அப்படியே கிடந்தன. அந்த அம்மாவின் முகத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

ஆகவே நான் சொல்ல வந்தது இது. நம் விவசாயிக்கு அறிவு குறையவில்லை. திட்டத்துக்கும் பஞ்சமில்லை. இரண்டாவது தடவை முயற்சி செய்வதற்கான சரக்கு, தேவைப்படுகிற அந்த ஒரு வாரத்தில், அந்த ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதை ஒற்றை வீடு இனித் தாங்காது. ஊர் தாங்க வேண்டும், அதற்கு அரசு பின்னால் நிற்க வேண்டும்.

விதையையே எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு உளுந்து விதை 8 கிலோ. ஒரு ஊரில் நூறு ஏக்கருக்கு மறுவிதைப்பு வரலாம் என்று வைத்தால் 800 கிலோ. பத்து, பன்னிரண்டு மூட்டை. மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஒரு அறையில் வைத்துவிடலாம். நன்றாகக் காயவைத்து, வண்டு விழாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த வருஷம் மழை சரியாகப் பெய்து விதை தேவைப்படாமல் போனால்? தை மாதம் அதைப் பருப்புக்கு விற்றுவிட வேண்டியதுதான், மருந்து கலக்காமல் வைத்திருந்தால். விதை விலைக்கும் தானிய விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நஷ்டம். அரசு ஏற்க வேண்டியது அந்த வித்தியாசத்தை மட்டும். வறட்சி நிவாரணத்துக்குச் செலவாகிற பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

விதை திரும்பி வருமா என்று கேட்பார்கள். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா செய்து காட்டினார். விதைத் திருவிழாவில் பாரம்பரிய நெல் 2 கிலோ வாங்கிப் போகிறவர்கள் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பத்திரம் எழுதவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. ஆயிரக்கணக்கான விவசாயிகளிடம் விதை போய்ச் சேர்ந்தது. வெள்ளம் வருகிற டெல்டாவுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு. இரண்டு வாரம் தண்ணீரில் மூழ்கினாலும் பிழைக்கிற ஸ்வர்ணா சப்-1 நெல் 2009-இல் இந்தியாவில் வெளியானது. அந்தத் தாங்கும் குணம் ஒடிசா விவசாயிகள் காலங்காலமாக வைத்திருந்த நாட்டு நெல்லிலிருந்து வந்தது. அவர்கள் அந்த விதையைக் கைவிட்டிருந்தால் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுத்துச் சேர்க்க எதுவும் இருந்திருக்காது.

அடுத்தது தண்ணீர். பண்ணைக்குட்டையை நான் விதைக்குலுக்கை மாதிரியேதான் பார்க்கிறேன். ஐம்பதடி நீளம், முப்பதடி அகலம், ஐந்தடி ஆழம் வெட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் நிற்கிற அளவு. உளுந்து பூத்துக் காய் பிடிக்கிற நேரத்தில் அந்த ஒரு உயிர்த் தண்ணீர் கிடைத்தால் பயிர் தப்பித்துவிடும். கரிசலில் தண்ணீர் அவ்வளவாக இறங்காது, அது நமக்கு வசதி. ஆனால் குட்டைக்கு மூன்றரை சென்ட் நிலம் போய்விடும், கரையையும் சேர்த்தால் இன்னும் கூட. ஒன்றரை ஏக்கர்காரர் தயங்குகிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு, மூன்று பேர் சேர்ந்து வரப்போரத்தில் பொதுக்குட்டை வெட்டிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். கண்மாயில் கிடக்கிற வண்டலை அள்ளிக் காட்டில் போட்டால் மண்ணின் ஈரப்பிடிப்பு கூடும், கண்மாயும் ஆழமாகும்.

அப்புறம் பணம். 2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் என்கிற ஆடிப் பட்டப் பயிருக்குக் காப்புத்தொகையில் 2 சதவீதம், ராபி என்கிற பின்பருவப் பயிருக்கு 1.5 சதவீதம் விவசாயி கட்டினால் போதும். மீதியை அரசுகள் கட்டுகின்றன. நல்ல திட்டம், கட்டாயம் சேருங்கள். ஆனால் ஒரு இடத்தில் ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பகுதியில் பெரும்பாலோர் விதைக்கவே முடியாமல் போனால் காப்புத்தொகையில் 25 சதவீதம் தர அதில் இடம் இருக்கிறது. கடைசியில் விளைச்சல் குறைந்தால் இழப்பீடு உண்டு. விதைத்து, முளைத்து, கருகி, கடன் வாங்கி மறுபடி விதைத்து, எப்படியோ ஓரளவு விளைவித்துவிட்டவருக்கு? அந்த இரண்டாவது உழவுக்கும் இரண்டாவது விதைக்கும் அதில் கணக்கே கிடையாது. மிகவும் பாடுபட்டவருக்கு ஒன்றும் இல்லை. மறுவிதைப்புச் செலவு என்று தனியாக ஒரு தொகை, பத்து நாளுக்குள் கைக்கு வருகிற மாதிரி, திட்டத்துக்குள் வர வேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் அடங்கல், அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு, இல்லாததால் அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். பெண்கள் நிலைமையும் அதுதான், காடு முழுக்க அவர்கள் வேலை, பட்டா வேறொருவர் பெயரில். வானிலைச் செய்திகூட பட்டாக்காரர் போனுக்குத்தான் போகிறது. செவ்வாயும் வெள்ளியும் வெளியாகிற வேளாண் வானிலை அறிக்கையை ஊர்ப் பொது இடத்தில் ஒலிபெருக்கியில் வாசித்தால் என்ன? சாமி கும்பிடுக்கு மைக் செட் கட்டுகிற ஊர்கள்தானே நம்முடையவை.

பிள்ளைகளே, நீங்கள் சீக்கிரமே களத்துக்கு வரப்போகிறீர்கள். முதல் மழை பெய்த பதினைந்தாம் நாள் ஆபீசில் இருக்காதீர்கள். காட்டுக்குப் போய் விரலால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு விவசாயி வந்து மல்லி விதை கேட்பதற்கு முன்னாலேயே அது ஊரில் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் ஒரு ஈரச்சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஏழு நாளைக்கு முன்னால் இந்த ஊர் மகளிர் குழு சேமித்து வைத்திருக்கிற உளுந்தில் நூறு விதை எண்ணி அதில் வரிசையாக வைத்தேன். விதைச் சான்றுக்கு நூற்றுக்கு 75 முளைத்திருக்க வேண்டும். நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. மதினி, நீங்கள் முதலில் வாங்க, நீங்கள் எண்ணுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளட்டும்.