தண்டவாளம் போன தடத்த என்ன பண்றது

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரயில் நின்னுபோன தடத்த ஜனங்க பொழங்கற எடமா மாத்தறதப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டாங்க. இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா நியூயார்க்குக்குப் போயிருவாங்க, நாம மொதல்ல மொரப்பூருக்குப் போலாம்.

மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு 1906-ல ரெண்டரையடி அகலத்துல ஒரு குட்டி ரயில் பாதை போட்டாங்க, 1913-ல அது ஓசூர் வரைக்கும் போச்சு, 1941-ல யுத்த சமயத்துல அதை மூடிட்டாங்க. அப்புறம் என்னாகுமுங்க, கேக்க ஆளில்லாத பூமி, ஒருத்தர் வேலிய ரெண்டடி தள்ளிப் போடுவாரு, இன்னொருத்தர் ஒரு ரூம் எடுப்பாரு, தர்மபுரி டவுன் பக்கம் பழைய தடத்துல வீடுகளே வந்துருச்சு. 2019-ல அதே மார்க்கத்துக்கு அகலப்பாதைன்னு அடிக்கல் நாட்டுனப்போ நெலம் எடுக்கறதே பெரிய தலவலியாப் போச்சு. அங்க குடியிருக்கறவங்களக் குத்தஞ்சொல்லி என்ன புண்ணியம்?

அதனாலதான் சொல்றேன், பூங்கா செடியெல்லாம் அப்புறம், தடம் துண்டாகாம இருக்கணும், அதுக்கு தெனமும் நாலு பேரு அதுல நடக்கணும். அமெரிக்கால 1983-லயே இதுக்குச் சட்டம் கொண்டுவந்துட்டாங்க, ரயில் வேண்டாம்னு விட்ட தடத்துல நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, ஆனா நாளைக்கு ரயில் வேணும்னா திருப்பிக் குடுத்துரணும்னு.

நடக்கறதுக்கு இதவிட நல்ல தடமும் கெடையாது. ரயிலுக்கு மேடு ஏற வராதுங்களே, நூறடிக்கு ஒரடி ஏறுனாலே பழைய நீராவி என்ஜினுக்கு மூச்சு வாங்கும், அதனால கரட்ட வெட்டி, பள்ளத்துல மண்ணக் கொட்டி மட்டமா கொண்டுபோயிருப்பாங்க. முட்டிவலி இருக்கற அப்புச்சிகூட நடந்துரலாம்.

சிங்கப்பூர்ல தஞ்சோங் பகார்ல இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் ஓடுன மலேசியா ரயில் 2011 ஜூன் மாசத்தோட நின்னுபோச்சு. எடத்துக்குத் தங்கவெல விக்கற ஊரு, பிளாட் போட்டு வித்திருக்கலாம். ஆனா சுமார் 24 கிலோமீட்டரையும் அறுக்காம பசுமைத் தடமா வெச்சுட்டாங்க, தண்டவாளத்துல பெரும்பகுதிய எடுத்துட்டு இரும்புப் பாலத்தயும் புக்கிட் தீமா ஸ்டேசனையும் அப்படியே விட்டுட்டாங்க.

நம்மூர்ல செய்யறப்போ எனக்கு இட்டேறிதானுங்க ஞாபகம் வருது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல மனுசனும் மாடும் போற தடம். கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல இருக்கற கொழுக்கட்டைப்புல்லு, வெள்வேல், ஆவாரை, இதெல்லாம் நம்ம வெயிலுக்குத் தானா நிக்கும். வெளியூர் லான் போட்டு லாரில தண்ணி ஊத்தற வேலயே வேண்டாம்.

இன்னொன்னுங்க, தண்டவாளத்துக்கு அடியில போட்டிருந்த பழைய மரக்கட்டைங்க பாக்க ஜோரா இருக்கும், உடனே பெஞ்சு செய்யலாம்னு தோணும், செய்யாதீங்க. கரையான் ஏறாம இருக்க கிரியோசோட்டுன்னு ஒரு கருப்பு எண்ணெய ஏத்தியிருப்பாங்க, வெயில்ல அது கசிஞ்சு கையில ஒட்டும், ஒடம்புக்கு ஆகாது. தண்டவாளத்தோரம் களைக்கொல்லி வேற வருசக்கணக்கா அடிச்சிருப்பாங்க, கொழந்தைங்க வெளையாடற எடம்னா மண்ண ஒருக்கா டெஸ்ட்டுக்குக் குடுத்துருங்க.

சரி, இப்ப நியூயார்க். ஹை லைன்னு தூண் மேல போற பழைய சரக்கு ரயில் பாதை, 2009-ல பூங்காவாத் தொறந்தாங்க, ரெண்டேகால் கிலோமீட்டர் சொச்சம்தான், ஒலகமே வந்து பாக்குது. ஆனா அக்கம்பக்கத்துல வாடகை எகிறிப்போச்சு, பக்கத்துலயே இருக்கற எளிய ஜனங்க இது நமக்கில்லன்னு நெனச்சாங்க. நம்ம கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலயே பாருங்க, நடக்கறதுக்கு கார்ல வர்றாங்க!

அதனால பிளான் போடறப்பவே தடத்தோரம் குடியிருக்கறவங்கள உக்காரவெச்சுக் கேட்டுருங்க, எங்க குறுக்க போகணும், ஆட்டுப்பட்டிய எப்படி ஓட்டுவாங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எந்தப் பக்கம் எறங்கும்னு. அங்கெல்லாம் வழி விட்டுட்டு வேலி போடுங்க. தடத்துக்கு கேட் போட்டு சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டுனீங்கன்னா வேலைக்குப் போயிட்டு வர்றவங்க யாரும் உள்ள வரவே முடியாதுங்க.