ஃபாஸ்ட் என்றால் வேகம் மட்டுமா?

வணக்கம். தாதர் ஸ்டேஷன் இண்டிகேட்டரில் 'எஃப்' விழுந்தால் ஃபாஸ்ட் லோக்கல். அது நிற்காத மாட்டுங்கா, சயான் போகிறவர்கள் அதை விட்டுவிட்டு 'எஸ்', அதாவது ஸ்லோ லோக்கல், வரும்வரை நிற்க வேண்டும். மும்பைத் தமிழருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஃபாஸ்ட் என்றால் வேகம், சரி. ஆனால் பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அசையாதது, இறுகியது என்பதுதான் பொருள்.

அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'ஹோல்ட் ஃபாஸ்ட்' என்றால் விடாமல் பிடித்துக்கொள். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றால் அடித்துப்போட்ட தூக்கம். விமானத்தில் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்யச் சொல்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். எழுத்தில் 'டி' உண்டு, வாயில் வராது. இறுக்கமாக, பிறகு முழுமூச்சாக, பிறகு விரைவாக என்று பொருள் நகர்ந்திருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? 'கடி' என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் 10 பொருள் சொல்கிறது. அதில் காப்பும் உண்டு, விரைவும் உண்டு.

உண்ணாவிரதமும் ஃபாஸ்ட்தான். நோன்பின் விதியை விடாமல் பிடிப்பதால் வந்த பெயர். அதை முறிப்பது பிரேக்ஃபஸ்ட். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். லேபில் 'ஃபாஸ்டிங் சுகர்' என்று எழுதிக் கொடுத்தால், குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிறு. இரவு 10 மணிக்குச் சாப்பிட்டவர் காலை 6 மணிக்கு முன்னால் ரத்தம் கொடுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். "சர்க்கரை போடாத காபிதானே" என்பார்கள். பாலிலேயே சர்க்கரை இருக்கிறது ஐயா! ஒரு வாய் குடித்தாலும் அது ஃபாஸ்டிங் இல்லை. காலை மாத்திரையை என்ன செய்வது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

துணிக் கடைக்கு வாருங்கள். 'கலர் ஃபாஸ்ட்' என்றால் சாயம் சீக்கிரம் போய்விடும் என்று அர்த்தமில்லை. நூலை விட்டுப் போகாது என்று அர்த்தம். மறுபடியும் அதே இறுக்கம்தான். சுங்குடிச் சேலையோ எதுவோ, முதல் சலவைக்கு முன் உள்மடிப்பு ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியால் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் தனியாகத்தான் அலச வேண்டும். ஊறவைத்தால் பக்கத்துத் துணியும் போச்சு. ஆலைகளில் சலவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 5 என்றால் சாயம் கெட்டி.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இலக்கணத்துக்கு ஒரே வரி: 'ஃபாஸ்ட்லி' வேண்டாம், 'ரன் ஃபாஸ்ட்' போதும். கடைசியாகக் கடிகாரம். 5 நிமிடம் ஃபாஸ்ட் என்றால் அது காட்டுவதிலிருந்து ஐந்தைக் கழிக்க வேண்டும். கூட்டினால் லோக்கல் போய்விடும் என்று நினைத்து வீணாக ஓடுவீர்கள். வணக்கம்.