லா ஸ்கூல் அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல யார் யார் இருக்காங்க, யார்கிட்ட எதைக் கேக்கணும்

(திரையில்: ஒரு நீளமான காரிடார், கடைசியில திறந்திருக்கிற ஒரு கண்ணாடிக் கதவு)

வணக்கம். அமெரிக்காவுல ஜேடி, அதாவது அங்க வக்கீலாகறதுக்கான டிகிரி, படிக்க அப்ளை பண்ற நம்ம பசங்களுக்காக இந்த வீடியோ, பக்கத்துல அப்பா அம்மா இருந்தா அவங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க. லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்கு எப்படி படிக்கறது, பர்சனல் ஸ்டேட்மெண்ட் எப்படி எழுதறதுன்னு நிறைய வீடியோ இருக்கு, ஆனா நம்ம ஃபைலைத் திறந்து பாக்கப்போற மனுஷங்க யாருன்னு யாரும் சொல்றதில்ல. நான் லா ஸ்கூல்ல ரெண்டாவது, மூணாவது வருஷம் அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல பார்ட் டைமா வேலை பாத்தேன். ஃபோன் எடுக்கறது, வர்றவங்களுக்கு கேம்பஸ் சுத்திக் காட்டறது, மெயில் பிரிச்சு உரியவங்களுக்கு அனுப்பறது, இவ்வளவுதான் என் வேலை, ஃபைல் எதையும் நான் படிச்சது கிடையாது. ஆனா அந்த மெயிலெல்லாம் பிரிச்சதுல ஒண்ணு நல்லா தெரிஞ்சது, கேள்வி சரியாதான் இருக்கும், அனுப்பின ஆள்தான் தப்பு, அதுக்காக வாரக்கணக்குல பதில் வராம தவிச்சிட்டு இருப்பாங்க பாவம்.

அட்மிஷன்ஸ் ஆபீஸ்னா ஏதோ பெரிய கட்டடம் முழுக்க ஆளுங்க இருப்பாங்கன்னு நானும் நினைச்சிருந்தேன். நான் இருந்த இடத்துல மொத்தம் எட்டு பேர். வர்ற அப்ளிகேஷனோ ஆயிரக்கணக்குல. அந்த எட்டு பேரும் ஒரே வேலை பாக்கறவங்க இல்ல, ஃபைலைச் சேக்கறவங்க வேற, ஊர் ஊரா போய் மாணவர்களைப் பாக்கறவங்க வேற, முடிவு எடுக்கறவங்க வேற.

எல்லாரும் டீன்ல இருந்துதான் ஆரம்பிப்பாங்க, நான் கோஆர்டினேட்டர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்க அப்ளிகேஷன் முதல்ல போய் நிக்கறது அங்கதான். சில ஸ்கூல்ல ஆபரேஷன்ஸ்னு சொல்வாங்க, சில ஸ்கூல்ல பிராசஸிங். ட்ரான்ஸ்கிரிப்ட் வந்துச்சா, ரெகமண்டேஷன் லெட்டர் எத்தனை இருக்கு, எல்சாட் ஸ்கோர் வந்துச்சா, எல்லாம் சரி பாத்து, இந்த ஃபைல் கம்ப்ளீட், படிக்கறவங்களுக்குப் போகலாம்னு சொல்றவங்க இவங்கதான். கம்ப்ளீட் ஆகாத ஃபைலை டீனே நினைச்சாலும் முடிவுக்கு எடுத்துட்டுப் போக மாட்டாங்க.

நான் அப்ளை பண்ணப்ப ஒரு ஸ்கூல்ல என் ஸ்டேட்டஸ் மூணு வாரமா அப்படியே நின்னுச்சு, நான் டீனுக்கு மெயில் மேல மெயில் போட்டேன், பதிலே இல்ல. கடைசியில ஃபோன் பண்ணேன். எடுத்த கோஆர்டினேட்டர் அம்மா என் நம்பரைக் கேட்டாங்க, ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாங்க: "உன் ப்ரொஃபசர் லெட்டர் எல்எஸ்ஏசிக்கு வந்துடுச்சுப்பா, நீதான் அதை எங்க ஸ்கூலுக்கு அசைன் பண்ணாம விட்டிருக்க." அவ்வளவுதான் விஷயம். எல்எஸ்ஏசிங்கறது நம்ம பேப்பரையெல்லாம் வாங்கி ஸ்கூலுங்களுக்கு அனுப்பற அமைப்பு. இது நிறைய பேருக்கு நடக்குது. லெட்டர் எழுதறவங்க அனுப்பிட்டா மட்டும் போதாது, உங்க எல்எஸ்ஏசி அக்கவுண்டுக்குள்ள போய் எந்த லெட்டர் எந்த ஸ்கூலுக்குன்னு நீங்களே அசைன் பண்ணணும், பண்ணாத வரைக்கும் அது ஸ்கூலுக்குப் போகாது. இன்னிக்கு வீடியோ முடிஞ்சதும் முதல் வேலையா அதைப் போய் பாருங்க.

எல்எஸ்ஏசி பேச்சு வந்துட்டதால அதையும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா பாதிக் குழப்பம் இதுலதான். எல்எஸ்ஏசிங்கறது லா ஸ்கூலுங்க சேர்ந்து 1947ல ஆரம்பிச்ச தனி அமைப்பு, பென்சில்வேனியாவுல நியூடவுன்ங்கற ஊர்ல இருக்கு, எல்சாட் பரீட்சையை 1948ல இருந்து நடத்தறாங்க. உங்க காலேஜ் மார்க்கையெல்லாம் வாங்கி தங்களோட கணக்குல ஜிபிஏ, அதாவது சராசரி மார்க், போட்டு ஸ்கூலுக்கு அனுப்பறதும் அவங்கதான். அந்தக் கணக்குல ஏ பிளஸ்ஸுக்கு 4.33, அதனால உங்க காலேஜ் காட்டற ஜிபிஏவும் எல்எஸ்ஏசி காட்டற ஜிபிஏவும் வேற வேறயா இருக்கலாம். சம்மர்ல எங்கயோ ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஒரே ஒரு கோர்ஸ் எடுத்திருந்தாலும் அந்த ட்ரான்ஸ்கிரிப்டும் வேணும். இதுல சந்தேகம்னா ஸ்கூலுக்கு எழுதிப் பிரயோஜனமே இல்ல, ஸ்கூல்ல இருக்கறவங்களால அந்த நம்பரை மாத்த முடியாது, எல்எஸ்ஏசிகிட்டயே கேளுங்க.

டிகிரியை அமெரிக்கா, கனடாவுக்கு வெளிய முடிச்சிட்டு வர்றவங்களுக்கு இன்னொண்ணு. உங்களுக்கு எல்எஸ்ஏசி ஜிபிஏ நம்பர் வராது, ட்ரான்ஸ்கிரிப்டை மதிப்பீடு பண்ணி சுப்பீரியர், அபவ் ஆவரேஜ் மாதிரி ஒரு வார்த்தையில தரம் குடுப்பாங்க. நம்பர் இல்லையேன்னு பயந்து ஆபீஸுக்கு ஃபோன் பண்ணவங்க நிறைய பேர், பயப்பட எதுவும் இல்ல, அது எல்லாருக்கும் அப்படித்தான். ஆனா உங்க ஃபைல்ல எல்சாட் ஸ்கோர் இன்னும் கொஞ்சம் கனமா நிக்கும், அதை மனசுல வெச்சுக்கோங்க.

(திரையில்: ஒரு காலண்டர், செப்டம்பர்ல இருந்து மெதுவா புரளுது)

அடுத்து அட்மிஷன்ஸ் கவுன்சிலர், அசிஸ்டண்ட் டைரக்டர், அசோசியேட் டைரக்டர்னு பேர் இருக்கறவங்க. நீங்க நேர்ல சந்திக்கப்போறது பெரும்பாலும் இவங்களைத்தான். எல்எஸ்ஏசி நடத்தற ஃபோரம், காலேஜ்ல நடக்கற லா ஃபேர், ஆன்லைன் கூட்டம், எல்லாத்துலயும் மேஜைக்குப் பின்னாடி நிக்கறவங்க இவங்கதான், நிறைய பேர் தாங்களே லா படிச்சவங்க, கொஞ்ச வருஷம் வக்கீலா இருந்துட்டு இங்க வந்தவங்க. இவங்களோட வருஷம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா உங்க மெயிலுக்கு ஏன் பதில் வரலன்னு தானா புரியும். செப்டம்பர் வாக்குல அப்ளிகேஷன் திறக்கும், அங்க இருந்து நவம்பர் வரைக்கும் பாதிப் பேர் ஊர்ல இருக்க மாட்டாங்க, ஏர்போர்ட்டும் ஹோட்டலுமா அலைவாங்க. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் படிக்கற சீசன், கதவைச் சாத்திட்டு நாள் முழுக்க ஃபைல்தான், ஃபோன் அடிச்சா நான்தான் எடுப்பேன். ஏப்ரல்ல சீட்டை உறுதி பண்ண கட்டற டெபாசிட், அட்மிட் ஆனவங்களைக் கூப்பிட்டு நடத்தற நிகழ்ச்சி. அதுக்கப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் வெயிட்லிஸ்ட்.

பெரும்பாலான ஸ்கூல்ல ரோலிங் முறைதான், வர வர படிச்சு முடிவு சொல்லிட்டே இருப்பாங்க, அதனால சீக்கிரம் அனுப்பறது நல்லதுதான், ஆனா அவசர அவசரமா அரைகுறையா அனுப்பறதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு ஒழுங்கா அனுப்பறது எவ்வளவோ மேல்னு எங்க ஆபீஸ்ல படிக்கறவங்க எல்லாருமே சொல்வாங்க, நானும் அதையேதான் சொல்வேன்.

ஃபேர்ல இவங்ககிட்ட என்ன கேக்கறது? "என் ஸ்கோருக்கு கிடைக்குமா"ன்னு கேக்காதீங்க, அவங்களால சொல்ல முடியாது, கேட்டா சங்கடமா ஒரு சிரிப்பு வரும் அவ்வளவுதான். அந்த நம்பர் ஏற்கனவே பப்ளிக்கா இருக்கு. அமெரிக்கன் பார் அசோசியேஷன், அதாவது ஏபிஏ, அங்கீகாரம் குடுத்த ஒவ்வொரு ஸ்கூலும் ஸ்டாண்டர்ட் 509ங்கற ரிப்போர்ட்டை வருஷா வருஷம் டிசம்பர் 15க்குள்ள வெளியிடணும். சேர்ந்தவங்களோட எல்சாட், ஜிபிஏ மீடியன் (எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவுல வர்ற நம்பர்), கீழ் 25 சதவீதம் எங்க நிக்குது, மேல் 25 எங்க நிக்குது, எத்தனை பேருக்கு ஸ்காலர்ஷிப், எல்லாம் அதுலயே இருக்கும். அதைப் படிச்சிட்டுப் போய், ரிப்போர்ட்ல இல்லாததைக் கேளுங்க. கிளினிக்ல, அதாவது ஸ்டூடண்டுங்க நிஜ கேஸ்ல வேலை பாத்துப் பழகற இடத்துல, முதல் வருஷமே சேர முடியுமா, இமிக்ரேஷன் லா எடுக்கற ப்ரொஃபசர்ங்க எத்தனை பேர், பார்ட் டைம் ப்ரோக்ராம்ல இருந்து ஃபுல் டைமுக்கு மாற முடியுமா. இந்த மாதிரி கேட்டா அவங்க முகமே மாறிடும், உக்காந்து பேசுவாங்க.

இப்ப டீன் ஆஃப் அட்மிஷன்ஸ். நடைமுறை ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், பொதுவா முதல்ல ஒருத்தர் படிச்சு குறிப்பு எழுதுவாங்க, ரெண்டாவது ஆள் படிப்பாங்க, அப்புறம் டீன்கிட்டயோ கமிட்டிகிட்டயோ போகும். யேல் மாதிரி சில இடங்கள்ல ப்ரொஃபசர்களே ஃபைல் படிக்கிற வழக்கம் ரொம்ப காலமா இருக்கு. டீனோட தலைவலி தனித்தனி ஆள் இல்ல, மொத்த கிளாஸ். எத்தனை சீட்டு, எத்தனை பேருக்கு ஓகே சொன்னா எத்தனை பேர் உண்மையிலயே வருவாங்க, மீடியன் எங்க நிக்கும், ஸ்காலர்ஷிப் பணம் எவ்வளவு மிச்சம். அதனாலதான் எல்லாத்துலயும் நல்லா இருக்கற ஒரு ஃபைல்கூட ஜனவரியில ஹோல்டுல உக்காந்திருக்கும், அதுக்காக உங்களைப் பிடிக்கலன்னு அர்த்தம் இல்ல.

அந்த நம்பர் அழுத்தம் எவ்வளவு மோசமானதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2011ல இலினாய் யூனிவர்சிட்டியோட லா காலேஜ்ல, சேர்ந்த மாணவர்களோட எல்சாட், ஜிபிஏ எண்களை பல வருஷமா கூட்டிக் காட்டினது வெளிய வந்துச்சு. 2012ல ஏபிஏ பகிரங்கமா கண்டிச்சு 2,50,000 டாலர் அபராதம் போட்டாங்க. மீடியன்ல ஒரு பாயிண்ட் ஏறினா ரேங்கிங் ஏறும், ரேங்கிங்குக்காக எந்த அளவுக்குப் போயிருக்காங்கன்னு பாருங்க. 2022 நவம்பர்ல யேல், ஹார்வர்ட் ரெண்டும் லா ஸ்கூலுங்களை வரிசைப்படுத்தற யூஎஸ் நியூஸ் ரேங்கிங்குக்கு இனிமே தகவல் குடுக்க மாட்டோம்னு சொன்னதுக்கப்புறம் அதுல ஸ்கோருக்கும் ஜிபிஏவுக்கும் இருந்த எடையைக் குறைச்சாங்க. குறைஞ்சாலும் டீன் மேஜையில மீடியன் நம்பர் இன்னும் இருக்கு. நீங்க எல்சாட் ரெண்டு தடவை எழுதியிருந்தா ஏபிஏவுக்கு ஸ்கூல் சொல்றது உயர்ந்த ஸ்கோரைத்தான், அதனால திரும்ப எழுதி ஏத்தினா அது நிச்சயமா கணக்குல வரும்.

இன்னொரு விஷயம், 2023 ஜூன் 29ல சுப்ரீம் கோர்ட் ஹார்வர்ட் வழக்குல தீர்ப்பு குடுத்ததுக்கப்புறம் இனத்தை வெச்சு முடிவு எடுக்க முடியாது. ஆனா உங்க இனம் உங்க வாழ்க்கையை எப்படி பாதிச்சதுன்னு நீங்க கட்டுரையில எழுதறதை அந்தத் தீர்ப்பு தடுக்கல. வீட்டுல தமிழ் பேசி வளந்தது, அப்பா அம்மாவுக்கு கவர்மெண்ட் பேப்பரெல்லாம் படிச்சு சொன்னது, இதையெல்லாம் எழுதலாமான்னு தயங்கறவங்க தாராளமா எழுதுங்க, அதுல உங்களைப் பத்தி ஏதாவது தெரியணும், அவ்வளவுதான்.

பணம். இங்கதான் ஆள் மாறிப் போகுது. ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அட்மிஷன்ஸ் பக்கம் முடிவாகும், கடன் ஃபைனான்சியல் எய்ட் ஆபீஸ். ரெண்டும் பக்கத்து பக்கத்து ரூமா இருந்தாலும் வேற வேற ஆளுங்க. கடன் விஷயத்துல 2025ல வந்த சட்டம் ரொம்ப முக்கியம், 2026 ஜூலை 1ல இருந்து புதுசா கடன் வாங்கறவங்களுக்கு கிராட் பிளஸ்ங்கற மேல்படிப்பு அரசாங்க லோன் கிடையாது, லா மாதிரி படிப்புக்கு ஃபெடரல் லோன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். ஸ்டூடண்ட் விசாவுல வர்றவங்களுக்கு ஃபெடரல் லோனே இல்ல. அதனால மிச்சத்தை எப்படி சமாளிக்கறாங்கன்னு எய்ட் ஆபீஸ்ல வெக்கப்படாம கேளுங்க. ஸ்காலர்ஷிப் லெட்டர் வந்தா, மார்க் குறைஞ்சா இது போயிடுமான்னு பாருங்க. அப்படி நிபந்தனை இருந்தா, போன வருஷங்கள்ல எத்தனை பேருக்குப் போச்சு, குறைஞ்சுதுங்கறதும் 509ல இருக்கு.

கேரக்டர் அண்ட் ஃபிட்னஸ் கேள்வியைப் பத்தி ஒரு வார்த்தை. காலேஜ்ல ஒழுங்கு நடவடிக்கை, போலீஸ் கேஸ், இதெல்லாம் கேப்பாங்க. கேள்வியை எழுத்து எழுத்தா படிச்சு, கேட்டதை உள்ளபடி சொல்லிடுங்க. நாலு வருஷம் கழிச்சு பார் அட்மிஷனுக்கு, அதாவது வக்கீலா பதிவு பண்ண, போறப்ப இந்த அப்ளிகேஷனையும் அதையும் பக்கத்துல வெச்சு பாப்பாங்க, அன்னிக்கு பழைய தப்பை விட மறைச்சதுதான் பெருசா தெரியும். அனுப்பினதுக்கப்புறம் ஏதாவது நடந்தாலும் ஆபீஸுக்கு எழுதி சேக்கணும். நான் இருந்தப்ப ஒரு பையன் குரல் நடுங்க ஃபோன் பண்ணான், ஹாஸ்டல்ல நடந்த சின்ன விஷயம், எழுத மறந்துட்டான். எங்க அசிஸ்டண்ட் டைரக்டர் நிதானமா, "ஒரு பக்கம் எழுதி அனுப்பு, சேத்துக்கறோம்"னாங்க. முடிஞ்சது.

(திரையில்: ஒரு மெயில், சப்ஜெக்ட் வரி மட்டும் பெருசா)

எழுதறப்ப சப்ஜெக்ட்லயே உங்க முழுப்பேரு, எல்லுங்கற எழுத்துல ஆரம்பிக்கற எல்எஸ்ஏசி அக்கவுண்ட் நம்பர், எந்த வருஷ அட்மிஷன், இவ்வளவும் போடுங்க, ஒரே பேர்ல நாலு பேர் இருப்பாங்க. ஒரு மெயில்ல ஒரு விஷயம். நீங்களே எழுதுங்க, நீங்களே ஃபோன் பண்ணுங்க, அடுத்தது அப்பா அம்மாவுக்கு சொல்றது, உங்க அக்கறை புரியுது, ஆனா பிள்ளையோட ஃபைலைப் பத்தி உங்ககிட்ட அவங்க பேச மாட்டாங்க. ஃபோன் எடுக்கறவங்ககிட்ட மரியாதையா பேசுங்க, அது என்னை மாதிரி ஒரு ஸ்டூடண்டா இருந்தாலும் சரி, பல ஆபீஸ்ல யார் என்ன பேசினாங்கன்னு ஃபைல்ல குறிப்பு போட்டு வைப்பாங்க.

டெபாசிட் பத்தி: எர்லி டிசிஷன்ல, அதாவது கிடைச்சா கண்டிப்பா வரேன்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு, போனவங்களைத் தவிர மத்தவங்களை ஏப்ரல் 1க்கு முன்னாடி உறுதி கேட்டு நெருக்கக்கூடாதுன்னு எல்எஸ்ஏசியோட வழிகாட்டுதல் இருக்கு, அதனால மார்ச்ல பதறாதீங்க. வெயிட்லிஸ்ட்ல இருந்தா, இடம் குடுத்தா வருவேன்னு உண்மையிலயே நினைச்சா மட்டும், அதை ஒரு பக்கத்துல எழுதி அனுப்புங்க, புது மார்க், புது வேலை இருந்தா அதையும் சேருங்க. அப்புறம் ஃபோனைப் பக்கத்துலயே வைங்க. நான் பாத்த ஒரு வருஷம் கடைசி இடம் ஆகஸ்ட்ல, ஓரியண்டேஷனுக்கு நாலு நாள் முன்னாடி போச்சு. டீன் லிஸ்ட்ல மூணு பேருக்கு ஃபோன் போட்டாங்க, முதல் ரெண்டு பேர் எடுக்கல.