செண்பகக் கன்றின் உறவுக்காரி

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

பருவக் கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் எங்கள் தெரு வேப்பமரங்கள் பங்குனியிலேயே பூத்துக் கொட்டத் தொடங்கிவிட்டன. காலையில் வாசல் பெருக்கினால் விளக்குமாற்றோடு வேப்பம்பூவும் சேர்ந்து வருகிறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்காக நாங்கள் இப்போதே பூவைச் சேர்த்துப் புடைத்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வடகமும் இட்டாயிற்று.

போன வாரம் அந்த வடகத்துக்குக் காவலாகப் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மார்ச் மாதம் பெண்களுக்கு உரியது என்று அவள் பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்திருக்கிறார்கள். "எல்லாரும் சொல்லும் பெயர்களையே நானும் சொல்ல வேண்டுமா டீச்சர்?" என்று கேட்டாள். பல ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? மாடியில் ஒரு பழைய தட்டில் கத்தரி நாற்று விட்டிருந்தேன். "இந்த நாற்றுக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், வா கண்ணு" என்றேன்.

அந்தப் பெண் ஜானகி அம்மாள். 1897ஆம் ஆண்டு தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கூடப் பிறந்தவர்களும் தோழிகளும் கல்யாணம் முடித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த வயதில், அவர் செடிகளின் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் நூல் போன்ற இழைகளை, எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த எண்ணும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முளைத்த வேரின் நுனியைச் சிறிதளவு வெட்டி எடுக்க வேண்டும். சாயம் ஏற்றிக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மெல்ல நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். செல் பிரியும் சரியான தருணம் அகப்பட்டால்தான் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும். மனிதருக்கு 46, கத்தரிக்கு 24. கரும்புக்கோ 80, அதற்கு மேலும் உண்டு! எண்ணி முடிப்பதற்குள் கழுத்து இற்றுவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கத்தரியின் 24ஐ எண்ணுவதற்கே பிள்ளைகள் ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொள்வார்கள். ஜானகி அம்மாள் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்.

1934இல் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தார். ஆற்றங்கரையில் தானாக வளரும் காட்டுக் கரும்பு மெலிந்திருக்கும், இனிப்பும் குறைவு; ஆனால் நோயையும் வறட்சியையும் தாங்கும். அதைத் தடித்த கரும்போடு கலந்துதான் இந்த மண்ணுக்கு ஏற்ற கரும்பை இங்கே உருவாக்கினார்கள். இந்தக் கலப்புகளுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் குரோமோசோம் அளவில் ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். தனியாக வாழ்ந்த பெண் என்பதும் அவருடைய சாதியும் அங்கே அவருக்கு இடைஞ்சல்கள் ஆயின என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

அங்கிருந்து லண்டன் போனார். உலகப் போர்க் காலம் அது. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வாராம். மறுநாள் காலை அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் தூளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வாராம். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்து டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் எழுதிய பெருநூல் 1945இல் வெளிவந்தது.

பிறகு இங்கிலாந்தில் விஸ்லி என்ற ஊரில் இருக்கும் தோட்டக்கலைச் சங்கத்தின் பெரிய பூங்காவில் பணியாற்றினார். அங்கே மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுகளுக்குக் கோல்கிசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது செல்லின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும். இந்தக் கோல்கிசின் நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சுதான் என்று சொன்னதும் சிறுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படி வளர்ந்த மரங்களில் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். இலை விடும் முன்பே வெள்ளைப் பூவாகப் பூக்கும். அங்கே வசந்தம் வருவது இதே மார்ச், ஏப்ரலில்தான்.

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அந்த வட்டாரத்தில் ஒரே ஒரு மரமாக நின்ற அரிய மக்னோலியாவைத் தேடிப் போனார். போய்ப் பார்த்தால் அது எரிந்து கிடந்தது. அந்த 37 மைலை அவர் எப்படித் திரும்பி வந்திருப்பார் என்று நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகள் கழித்து, எண்பது வயதைக் கடந்த நிலையில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணைக்குப் பலி கொடுக்கக் கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

சிறுமி எழுதிக்கொண்டே வந்தாள். இடையில் ஒரு காக்கை வந்து இரண்டு வடகத்தைக் கொத்திவிட்டுப் போனதை இருவருமே கவனிக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. "இந்த வெயிலையே அளந்த ஒரு பெண்ணும் இருக்கிறார்" என்றேன்.

அன்னா மணி. 1918இல் பீருமேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரக் கம்மல் வாங்கிக் கொடுக்க இருந்தபோது, எனக்குக் கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னாளில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் அவர் ஆராய்ந்தது வைரங்களைத்தான்! முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை அவருக்கு மறுத்துவிட்டார்கள். அவர் அதற்காக முடங்கவில்லை. 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட வானிலைக் கருவிகளை இங்கேயே செய்யும் நிலையை உண்டாக்கினார். நாட்டின் பல இடங்களில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். இன்று நம் வீட்டுக் கூரைகளில் ஏறும் சூரியத் தகடுகளுக்கு அந்த அளவுகள் அடிப்படை.

சிறுமி நோட்டை மூடினாள். "டீச்சர், அந்த மக்னோலியா நம் ஊரில் பூக்குமா?" என்று கேட்டாள்.

"அதன் உறவு இங்கே எப்போதோ வந்துவிட்டது. நம் செண்பகம் மக்னோலியா குடும்பம்தான்" என்றேன்.

மாடி மூலையில், உடைந்த குடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு செண்பகக் கன்று வைத்திருக்கிறேன். அவள் எழுந்து போய் அதன் பக்கத்தில் குந்தி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசனை ஏதும் இல்லை என்றாள். பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்றேன். போட்டி முடிந்த மறுநாள் மாலை அவள் வந்து கேட்டது பரிசைப் பற்றி அல்ல. கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றுதான். இப்போது அவள்தான் ஊற்றுகிறாள்.

வணக்கம்.