38,000 ஜிபியூ: அந்த மணி நேரமெல்லாம் யாருக்குப் போகுது?

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. ஏஐ-க்காக அரசாங்கங்கள் கம்ப்யூட்டருக்குக் கொட்டுற பணம். இதுல எந்த அறிவிப்பு வந்தாலும் தலைப்புல ஒரு எண்ணிக்கை இருக்கும், இத்தனை ஆயிரம் ஜிபியூ-ன்னு. ஜிபியூன்னா ஒரே நேரத்துல ஏகப்பட்ட கணக்கைப் போடுற சிப், ஏஐ-க்குப் பயிற்சி கொடுக்கிறது இதுலதான். இந்தியா 2025-ல சொன்ன எண்ணிக்கை 38,000. இதைப் படிச்சதும் எனக்கு முதல்ல தோணுற கேள்வி, அதெல்லாம் ஒரே இடத்துலயா இருக்கு?

ஏன் கேக்குறேன்னா, ஒரு பெரிய ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஆயிரக்கணக்கான ஜிபியூ ஒண்ணோட ஒண்ணு ஓயாம பேசிக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு படி முடிஞ்சதும் ஒவ்வொண்ணும் போட்ட கணக்கை மத்த எல்லாத்தோடயும் சேர்த்துட்டுத்தான் அடுத்த படிக்குப் போக முடியும். ஒண்ணு லேட்டானா மத்த எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். அதனால சிப்புக்கு நடுவுல ஓடுற கேபிளும் ஸ்விட்சும் சிப் அளவுக்கே முக்கியம். பல கம்பெனியோட டேட்டா சென்டர்ல பிரிஞ்சு கிடக்குற 38,000-மும், ஒரே கூரைக்குக் கீழ கோத்து வெச்ச 5,000-மும் வேற வேற பொருள்.

பிரிட்டன்ல பிரிஸ்டல்ல இருக்கிற இஸம்பார்ட்-ஏஐ அந்த ரெண்டாவது வகை. 5,448 சிப், ஒரே மெஷின், 22.5 கோடி பவுண்ட் செலவு, 2025 ஜூலையில முழுசா ஓட ஆரம்பிச்சது. இந்தியா எடுத்த வழி வேற. 2024 மார்ச்ல மத்திய அமைச்சரவை ‘இந்தியா ஏஐ மிஷன்’ங்கிற திட்டத்துக்கு மொத்தமா அஞ்சு வருஷத்துக்கு சுமார் 10,372 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. அந்த ஜிபியூவை அரசு தானே வாங்கி அடுக்கி வெக்கலை. தனியார் கிட்ட இருக்கிறதைப் பட்டியல்ல சேர்த்து, யாருக்குத் தேவையோ அவங்க வாடகையில 40 சதவீதம் வரைக்கும் அரசு ஏத்துக்குது. இந்திய மொழிகளுக்கு ஏஐ மாடல் செய்யற சர்வம் நிறுவனத்துக்கு என்விடியாவோட எச்100 வகை ஜிபியூ 4,096-ஐ ஆறு மாசத்துக்குக் கொடுத்தாங்க இல்லையா, அது இந்தத் திட்டத்துலதான்.

வாடகை வழியை நான் குறை சொல்ல வரலை. வேகமா ஆரம்பிக்கலாம், மெஷின் பழசாகுற நஷ்டமும் அரசு தலையில விழாது. ஆனா மானியம் நின்ன மறுநாள் என்ன மிஞ்சும்? சொந்தமா வெச்சு நடத்தும்போது சிப் பழசானாலும் அதை ஓட்டக் கத்துக்கிட்ட ஆளுங்க மிஞ்சுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மெஷின்ல ஒரு நோடு, அதாவது அதுக்குள்ள இருக்கிற ஒரு கம்ப்யூட்டர், செத்துப்போனா எதைக் கழட்டணும், அதுல ஓடுன வேலையை எங்க மாத்தணும்னு தெரிஞ்சவங்க. அந்த அனுபவத்தை டெண்டர் போட்டு வாங்க முடியாது.

இந்தியாவுக்கு இது புதுசும் இல்ல. எண்பதுகள்ல அமெரிக்கா நாம கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்துச்சு. அதனாலதான் 1988-ல சி-டாக்ங்கிற அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் வந்துச்சு, விஜய் பட்கர் தலைமையில 1991-ல பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர் தயாராச்சு. எனக்கு ரொம்பப் பெருமையான கதை அது. அதே மூச்சுல இன்னொண்ணும் சொல்லணும்: பரம் 8000-க்குள்ள இருந்த ட்ரான்ஸ்பியூட்டர் சிப் பிரிட்டிஷ் கம்பெனி இன்மோஸ் செஞ்சது. இன்னிக்கும் நிலைமை அதேதான். ஐரோப்பா சொந்தம்னு சொல்ற மெஷின்ல ஓடுறது அமெரிக்க கம்பெனி என்விடியாவோட சிப், இல்லைன்னா இன்னொரு அமெரிக்க கம்பெனி ஏஎம்டியோட சிப். அந்த சிப்பை அச்சடிக்கிறது தைவான்ல. 2025 ஜனவரியில அமெரிக்கா எந்த நாட்டுக்கு எவ்வளவு சிப் போகலாம்னு ஒரு விதி போட்டுச்சு, மே மாசம் அதையே வாபஸ் வாங்குச்சு. நாலு மாசத்துக்குள்ள இவ்வளவு மாறுது. அதனால ‘உள்நாட்டு’ அப்படிங்கிற வார்த்தையை நான் சிப்போட சேர்த்துப் பார்க்கிறதில்ல. அந்த மெஷினை யார் எதுக்குப் பயன்படுத்தலாம்னு முடிவு பண்ற உரிமை உள்நாட்டுல இருக்கா, அதைத்தான் பார்க்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு ஜிபியூ ஒரு மணி நேரம் ஓடினா அது ஒரு ஜிபியூ மணி நேரம். 10,000 ஜிபியூ ஒரு வருஷம் முழுக்க ஓடினா 8 கோடியே 76 லட்சம் ஜிபியூ மணி நேரம். இதை மிச்சம் பிடிச்சு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெக்க முடியாது. கிளம்பிப் போயிட்ட பஸ்ஸுல காலியா இருந்த சீட் மாதிரி, போனா போனதுதான். பாதி நேரம் சும்மா கிடந்தா 4 கோடியே 38 லட்சம் மணி நேரம் வீண். கரண்டும் லேசுப்பட்ட விஷயமில்ல. ஒரு எச்100 மட்டுமே 700 வாட் வரைக்கும் இழுக்கும். 10,000-க்கு 7 மெகாவாட், குளிர்விக்கிறது தனி.

நான் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குற ஒரு மாடலுக்கு வாடகை ஜிபியூல பயிற்சி கொடுத்துட்டு இருந்தப்போ பாதியிலயே கைக்காசு தீர்ந்து போச்சு. மாடல் அப்போதான் தேற ஆரம்பிச்சிருந்துச்சு. அந்தப் பாதி மாடல் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. எனக்கு வேண்டியிருந்தது இன்னும் சில நூறு மணி நேரம். 8 கோடியில சில நூறு.

இதையெல்லாம் சரியா கொடுத்தா என்ன நடக்கும்னு ஃபின்லாந்தைப் பாருங்க. கயானிங்கிற ஊர்ல ஒரு பழைய பேப்பர் மில் வளாகத்துல லூமிங்கிற சூப்பர் கம்ப்யூட்டரை வெச்சாங்க. நீர் மின்சாரத்துல ஓடுது, வெளியேறுற சூடு ஊர் வீடுகளைச் சூடாக்கப் பயன்படுது. அதுல துர்க்கு பல்கலைக்கழக ஆளுங்களும் சைலோ ஏஐ-ங்கிற கம்பெனியும் சேர்ந்து போரோன்னு ஃபின்னிஷ் மொழிக்கு ஒரு மாடல் செஞ்சு எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அம்பது லட்சம் சொச்சம் பேர் பேசுற மொழி! சுவிட்சர்லாந்துல ஆல்ப்ஸ் மெஷின்ல 2025 செப்டம்பர்ல அபெர்ட்டஸ்ங்கிற மாடல் வந்துச்சு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளோட. சந்தையை மட்டும் நம்பியிருந்தா இந்த மொழிகளுக்கு யாரு இத்தனை மணி நேரம் ஒதுக்குவாங்க?

இதுல பாதியில கைவிடுறதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. எடின்பரோவுக்கு 80 கோடி பவுண்ட்ல ஒரு மெஷின்னு பிரிட்டன் சொல்லியிருந்துச்சு, 2024 ஆகஸ்ட்ல புது அரசு நிறுத்தி வெச்சது, 2025 ஜூன்ல 75 கோடின்னு மறுபடி ஆரம்பிச்சது. காத்திருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருத்தரோட பிஎச்டியில கிட்டத்தட்ட ஒரு வருஷம் அது.

அமெரிக்காவுல ஆராய்ச்சியாளர்களுக்கு மெஷின் நேரம் கொடுக்க நேர் (NAIRR)-னு ஒரு முன்னோட்டத் திட்டம், 2024 ஜனவரியில ஆரம்பிச்சாங்க. எந்தெந்த ஆராய்ச்சிக்கு மெஷின் நேரம் கிடைச்சதுன்னு பட்டியலே வெளியிடுறாங்க. எல்லா நாடும் இதைப் பண்ணணும், கூடவே எத்தனை மணி நேரம் காலியா கிடந்ததுங்கிறதையும் மாசாமாசம் போடணும். உங்கள்ல யாராவது அரசு திட்டத்துல ஜிபியூ நேரம் கேட்டு விண்ணப்பிச்சிருந்தா, கிடைக்க எத்தனை நாள் ஆச்சு, கிடைச்சதுல எவ்வளவு ஓட்ட முடிஞ்சதுன்னு கீழ எழுதுங்க. அடுத்த வீடியோவை அந்தப் பதில்களை வெச்சுத்தான் எடுக்கப் போறேன்.